செல்ஃப் எடுக்காத பிக்கப்: பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே பானெட்டைத் தூக்க வேண்டாம். பாட்டு, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை இன்னொரு முறை திருப்பிக் காதைக் கொடுங்கள். மீட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதி விவரம் அந்தச் சத்தத்தில் கிடைத்துவிடும்.

புதிதாக பிக்கப் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றுகிறவர்கள், மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளித் தோப்புகளிலிருந்து மண்டிக்கும் மாம்பழக் கூழ் ஆலைக்கும் ஓட்டுகிறவர்கள், ஓசூரிலிருந்து பூவும் காய்கறியும் பெங்களூருக்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். பொலிரோ பிக்கப், டாடா ஏஸ், ஓசூரிலேயே தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் என்று எந்த வண்டியானாலும் 12 வோல்ட் அமைப்புதான். சோதிக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

விடியற்காலையில் வண்டி கிளம்பாவிட்டால் போவது ஒரு டிரிப் வாடகை மட்டும் இல்லை. ஏலம் முடிந்த பிறகு மண்டிக்குப் போய்ச் சேரும் தக்காளிக்கு விலை கிடைக்காது. அந்தப் பதற்றத்தில்தான் பலரும், "பேட்டரி போச்சு" என்று யாராவது சொன்னதுமே புது பேட்டரிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் புதுசும் உட்கார்ந்துவிடுகிறது. சார்ஜ் ஏற்ற வேண்டிய டைனமோ சரியில்லை, அல்லது பேட்டரி நெகட்டிவை பாடியோடு இணைக்கும் எர்த் கேபிள் உளுத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவருகிறது. பேட்டரி, கேபிள், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்), டைனமோ, கரன்ட் கசிவு என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்காமல் ஒரு பொருளையும் மாற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்குத் தேவை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை.

சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

"டக் டக் டக்" என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் செல்ஃபுக்குப் போதுமான கரன்ட் போகவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு "டக்" கேட்டு, டேஷ்போர்டு விளக்கு கொஞ்சமும் மங்காமல் இருந்தால் செல்ஃபின் சாலனாய்டு (செல்ஃப் மேல் இருக்கும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட் அல்லது கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரன்ட்டைக் கடத்தும் கரித்துண்டு) மேல் சந்தேகப்படுங்கள். அதே ஒரு "டக்"கோடு விளக்கெல்லாம் செத்துப்போனால் பேட்டரியில் உயிர் இல்லை, இல்லாவிட்டால் மோட்டார் இறுகிக் கிடக்கிறது.

மோட்டார் மட்டும் "ர்ர்ர்" என்று சும்மா சுற்றி, இன்ஜின் திரும்பாமல் இருந்தால் பெண்டிக்ஸ் பல் (செல்ஃபை இன்ஜினின் ஃப்ளைவீலோடு கோக்கும் சிறு பல்சக்கரம்) போய்ப் பிடிக்கவில்லை. கரகரவென்று அரைத்தால் பெண்டிக்ஸ் பல்லோ ஃப்ளைவீல் ரிங் பல்லோ தேய்ந்திருக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். அந்த கிளட்ச் சுவிட்ச் கெட்டாலும் இதே மௌனம்தான்.

செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு டீசல் ஃபில்டர், ஏர் லாக், இம்மொபிலைசர் பக்கம் போங்கள். எப்படியானாலும் ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்தபின் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். டீசல் இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 200, 300 ஆம்பியர் என்று இழுக்கும். விடாமல் அடித்தால் சுருள் கருகிவிடும்.

கை வைக்கும் முன்

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கையில் இருக்கும் செம்புக் காப்பு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். காப்பு ஒரு பக்கம் பாசிட்டிவையும் மறு பக்கம் பாடியையும் தொட்டால் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் துண்டு வேண்டாம், ஃபேன் இழுத்துவிடும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. ஆசிட் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது.

பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பாசிட்டிவ் ஈயத் தூணில், கறுப்பு முனை நெகட்டிவ் தூணில் படட்டும். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே வையுங்கள். வண்டி இரவு முழுக்க நின்றிருந்தால் வரும் எண்ணை நம்பலாம். இப்போதுதான் ஓடி நின்றது என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து அளங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் அதிகமான எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

12.6 அல்லது 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8-க்குக் கீழே போயிருந்தால் காலி. 10.5 பக்கம் நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் என்பதால் ஒன்று போனால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும்.

12.6 காட்டுகிறது என்பதற்காகவே பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சும்மா இருக்கும்போது வோல்ட்டைக் காட்டும் பழைய பேட்டரி, பாரம் வந்ததும் படுத்துவிடும். மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது எண் 9.6-க்கு மேலே நின்றால் பேட்டரி தாங்குகிறது. 9-க்குக் கீழே சரிந்தால், முதலில் முழுதாக சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். முழு சார்ஜிலும் சரிந்தால்தான் பேட்டரி மேல் பழி போடலாம். கடையில் லோட் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் இதே விஷயத்தைத்தான், இன்னும் கொஞ்சம் துல்லியமாக.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போலப் பயனுள்ள கருவி இல்லை. மல்டிமீட்டர் ஆறு செல்லையும் சேர்த்துத்தான் சொல்லும், ஹைட்ரோமீட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லும். முழு சார்ஜில் கிராவிட்டி, அதாவது அந்த அடர்த்தி, 1.260 முதல் 1.280 வரை வர வேண்டும்; கடைக்காரர்கள் இதை "1260" என்றே சொல்வார்கள். 1.190 பக்கம் என்றால் பாதி. ஐந்து செல் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200 என்றால் அந்தச் செல் போய்விட்டது, அந்த பேட்டரிக்கு வைத்தியம் பார்ப்பது வீண். ஆறும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பேட்டரி பசியோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். சார்ஜ் போட்டால் எழுந்துவிடும். சார்ஜ் ஏற்றும் ஆம்பியர், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்: 70 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 7 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரம் என்று கூட்டி வைத்தால் தகடு சூடேறி வளையும்.

தண்ணீர் விஷயத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நம் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் இரும்பும் பேட்டரித் தகட்டைக் கெடுத்து, தானாகவே சார்ஜ் இறங்கும்படி செய்துவிடும். கேன் தண்ணீர் குடிக்க நல்லதாக இருக்கலாம், பேட்டரிக்கு ஆகாது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், தகடு மூழ்கி மேல் கோட்டைத் தொடும் வரை. ஆசிட் ஊற்றாதீர்கள், வெயிலில் ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

மூடி திறக்காத, கண்ணாடிப் பொட்டு வைத்த மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிகளில் பச்சை தெரிந்தால் நல்லது என்று எழுதியிருக்கும். அந்தப் பொட்டு ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

நம் பக்கம் பேட்டரி ஆயுள் சாதாரணமாக மூன்று நான்கு ஆண்டு. ஏப்ரல், மே வெயில் உள்ளே இருந்து அரிக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் அந்தப் பலவீனம் வெளியே தெரிகிறது. மாங்காய் சீசன் முடிந்து வாரக்கணக்கில் நிற்கும் வண்டியும் இப்படித்தான் பேட்டரியை இழக்கிறது. பாதி சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். நிற்கும் வண்டிக்கு மாதம் ஒருமுறை சார்ஜரில் முழு சார்ஜ் போடுங்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது, செல்ஃப் எடுத்த கரன்ட்டைக்கூடத் திருப்பித் தராது.

கேபிளும் எர்த்தும்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். என்னைக் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால் தொட்டி நிறைந்திருந்தும் செடிக்குத் தண்ணீர் போகாது. கேபிள் முனையில் உப்பு பூத்தாலும் அதே கதை. சில வண்டிகளில் பேட்டரி, லோடு ஏற்றும் டிரேவுக்கு அடியில் சேஸ் ஓரமாக இருக்கும். மழைச் சேறு, பர்கூர் பக்கம் ஓடினால் கிரானைட் தூசி, காய்கறி ஏற்றினால் மேலே இருந்து வடியும் தண்ணீர் எல்லாம் அதன் மேல்தான் விழும்.

டெர்மினலைக் கையால் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அங்கேயே உங்கள் பிரச்சினை முடிந்திருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் இரண்டு கிளாம்ப்பையும் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். அது செல்லுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். காய்ந்ததும் தூணையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டியபின் வெளியில் வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு மாட்டக் கூடாது. ஈயமும் கிளாம்ப்பும் நேராக ஒட்ட வேண்டும்.

வெளியே சுத்தமாக இருந்தும் உள்ளே செம்புக் கம்பி அரித்துப்போன கேபிள்கள் உண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வோல்ட் டிராப் பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவ் தூணிலும், கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரில் பெரிய கேபிள் வந்து மாட்டும் போல்ட்டிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் வந்தால் கேபிள் நல்லது. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று காட்டினால் அத்தனையும் வழியிலேயே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து எர்த்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் தூணில், மறு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேட்டரியிலிருந்து சேஸ், சேஸிலிருந்து இன்ஜின் என்று போகும் எர்த் பட்டைகளைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி மாட்டுங்கள். பின்னல் பட்டை இற்றிருந்தால் புதுசு போடுங்கள். இன்ஜின் ஆட்டத்தில் அந்தப் பட்டை மெதுவாக அறுந்துகொண்டே வரும்.

எர்த் கெட்ட வண்டிக்கு இன்னொரு அடையாளம் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சூடாகும். கரன்ட் திரும்பி வர வேறு வழியில்லாமல் அந்த வழியாக வருகிறது.

செல்ஃப் மோட்டார்

பேட்டரி நல்லது, கேபிள் நல்லது என்று அளந்து முடித்த பிறகுதான் செல்ஃபுக்கு வர வேண்டும். செல்ஃபின் சாலனாய்டில் தடித்த போல்ட் தவிர ஒரு சிறு வயரும் வரும். சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது அந்தச் சிறு முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் செல்ஃபைக் கழற்றாதீர்கள். ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நடுவில் எலி கடித்த வயர் என்று மேலே தேடிக்கொண்டு போங்கள். ரிலேவைப் பக்கத்தில் இருக்கும் அதே நம்பர் ஹாரன் ரிலேவோடு மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

சிறு முனையிலும் பெரிய போல்ட்டிலும் கரன்ட் வந்து, மோட்டார் சுற்றவில்லை என்றால் கோளாறு செல்ஃபுக்குள்தான். மோட்டார் உடலை ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே செல்ஃப் அடித்தால் சில சமயம் எடுத்துவிடும். கார்பன் பிரஷ் தேய்ந்து சரியாக ஒட்டவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வீடு போய்ச் சேர இது உதவும், நாளைக்கும் உதவும் என்று நம்பி லோடு ஏற்றாதீர்கள்.

முழு செல்ஃபையே மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். "அண்ணா, பிரஷ், புஷ், பெண்டிக்ஸ், சாலனாய்டு நாலையும் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கருகாமல் இருந்தால் இவை தனித்தனியாகக் கிடைக்கும், செலவும் குறையும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசும் செல்ஃப், நல்ல பேட்டரியிலும் இழுத்து இழுத்துத்தான் சுற்றும்; பேட்டரி வீக் என்று தவறாக எண்ண வைப்பதில் இதுதான் முதலிடம். ரிங் பல் தேய்ந்திருந்தால் மட்டும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும், அது பெரிய வேலை.

டைனமோ

நம் ஊரில் ஆல்டர்னேட்டரை இன்றைக்கும் டைனமோ என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரித் தூண்களில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், புளோயர், வைப்பர் எல்லாம் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பிடியுங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.5 என்று பேட்டரி வோல்ட்டே நின்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் ஆகும். அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் குடிக்கும் பேட்டரியைப் பார்த்தால் முதலில் இதை அளங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும். ஒரு கணம் குறைவாகக் காட்டியதும் டைனமோவைக் கழற்றாமல், சில நிமிடம் ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

டைனமோவைக் குறை சொல்லும் முன் பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகலாம். அதிகம் போனால் தளர்ச்சி. கிளம்பும்போது கீச்சென்று கத்தும். தானே இறுக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் பெல்ட் விரிசலையும் டென்ஷனர் ஆட்டத்தையும் பார்த்தால் போதும். சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அந்த விளக்கோ வயரோ போயிருக்கிறது. பழைய வண்டிகளில் டைனமோவைத் தூண்டும் கரன்ட் அந்த வழியாகத்தான் போகிறது, அதனால் சார்ஜும் வராமல் போகலாம்.

டயோடு (கரன்ட்டை ஒரே பக்கமாக மட்டும் விடும் பாகம்) கெட்ட டைனமோ தந்திரமானது. பகலில் ஓரளவு சார்ஜ் தரும், இரவில் அதே டயோடு வழியாக பேட்டரியை இறக்கும். காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன், டைனமோ உடலைத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே இல்லை. மீட்டரை ஏசியில் வைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி கலந்திருந்தால் டயோடு போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியைத் தொட்டாலே தப்பான எண்ணைக் காட்டும். அந்தச் சோதனையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு பழக்கத்தை நம் ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து ஒழித்தே ஆக வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "ஆஃப் ஆகலைன்னா டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்வது. கழற்றிய கணத்தில் தாங்க ஆள் இல்லாமல் வோல்ட் பல மடங்கு எகிறும். நல்ல டைனமோவின் டயோடும் ரெகுலேட்டரும் அதிலேயே போகும். காமன் ரயில் வண்டி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் வண்டி) என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம் போய்விடும், அதன் விலையில் பல பேட்டரி வாங்கலாம். பழைய அம்பாசிடர் காலத்து டைனமோவில் செய்தது இன்றைய வண்டிக்கு ஆகாது. யாராவது கையை நீட்டினால், "அண்ணா, மீட்டர் வச்சுப் பாருங்க, டெர்மினலைக் கழட்ட வேணாம்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பல டீசல் பிக்கப்களில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் டைனமோவின் பின்னாலேயே, அதே தண்டில் மாட்டியிருக்கும். ஓடும்போது பேட்டரி விளக்கு திடீரென்று எரிந்தால் சார்ஜ் மட்டும் போயிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் பிரேக் பெடல் கட்டையாகிவிடும். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றினால் இன்ஜினும் சூடேறும். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். லோடோடு அந்த இறக்கத்தில் இறங்கும் முன் விளக்கு எரிந்தால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, பெல்ட்டைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி. இந்த வகை டைனமோவை மாற்றும்போது ஆயில் ஹோஸ், வேக்குவம் ஹோஸ் இரண்டும் சரியாக உட்கார்ந்தனவா, ஆயில் கசிகிறதா என்று பார்த்து, நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பல தடவை மிதித்துச் சரிபார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். பம்ப் சீல் கசிந்து ஆயில் உள்ளே போய்த்தான் பல டைனமோக்கள் வீணாகின்றன.

இரவில் இறங்கும் பேட்டரி

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு நாள் நின்றால் வண்டி எடுக்கவில்லை என்றால் எங்கோ கரன்ட் கசிகிறது. பெரும்பாலும் பிறகு மாட்டிய பொருள்கள்தான் காரணம்: ஜிபிஎஸ், பாட்டு செட், கூடுதல் எல்இடி விளக்கு, ஊர் ஊராக வெங்காயம், தக்காளி கூவி விற்கும் வண்டிகளின் ஆம்பிளிஃபயர். இன்ஜினை அணைத்துவிட்டு மைக் செட்டை மணிக்கணக்கில் ஓடவிட்டால் எந்த பேட்டரியும் தாங்காது. அது கசிவில் சேராது, நேரடிச் செலவு.

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனை நெகட்டிவ் தூணிலும் மறு முனை கழற்றிய கேபிளிலும் வையுங்கள். கம்ப்யூட்டர் உள்ள வண்டி தூங்கப் போக அரை மணி நேரம் கொடுங்கள். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05-க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.5 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர், 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றே நாளில் பாதிக்குக் கீழே. எண்ணைப் பார்த்துக்கொண்டே ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் சட்டென்று குறைகிறதோ அந்த வழியில் கோளாறு. ஒரு ஃப்யூஸிலும் குறையவில்லை என்றால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். அதைத் தொடும் முன் மீட்டரை எடுத்து, நெகட்டிவ் தொடர்பு முழுக்க விட்டிருக்க வேண்டும். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டர் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும்.

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக இழுத்த வயர் ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். அது உரசினால் வண்டியே தீப்பிடிக்கும்.

வழியில் நின்றுவிட்டால்

ஜம்ப்பர் கேபிள் மாட்டும் முன் ஒரே கேள்வி: உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட்டா? நெடுஞ்சாலையில் உடனே நிற்பவர்கள் லாரிக்கார அண்ணன்கள்தான், ஆனால் லாரி, டிப்பர், பஸ் எல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட். அந்தக் கரன்ட்டை நம் பிக்கப்புக்குக் கொடுத்தால் இசிஎம், டைனமோ, பல்புகள் ஒன்றாகப் போகும், பேட்டரி வெடிக்கவும் கூடும். இன்னொரு பிக்கப், கார், ஜீப் வரும் வரை காத்திருங்கள்.

முதலில் சிவப்பு கிளிப் உங்கள் பேட்டரி பாசிட்டிவில், அதன் மறு முனை உதவிக்கு வந்த வண்டியின் பாசிட்டிவில். பிறகு கறுப்பு கிளிப் அந்த வண்டியின் நெகட்டிவில், கடைசி முனை உங்கள் இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பில். கடைசியாகத் தொடும் இடத்தில்தான் பொறி வரும், அது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்த வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. வீங்கிய, விரிசல் விட்ட பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய வண்டிகளுக்குச் சரி. காமன் ரயில் வண்டியில் இசிஎம் விழிக்கும் அளவுக்காவது வோல்ட் வேண்டும், பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் பலன் இல்லை. இறக்கத்தில் லோடோடு உருட்டி ஸ்டார்ட் செய்ய முயலவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு வேக்குவம் உதவி இல்லை.

குளிர் காலைகளில் மட்டும் தொல்லை, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் குளிரில் டீசல் பிடிக்கச் சூடு தரும் குளோ பிளக் பக்கம் பாருங்கள். சாவி போட்டு, சுருள் விளக்கு அணைந்த பிறகு செல்ஃப் அடிக்கும் பழக்கம் இருந்தால் பாதி தொல்லை வராது.

புது பேட்டரி போட்டே ஆக வேண்டும் என்றால்

வண்டிக் கையேட்டில் சொன்ன அதே அளவு ஆம்பியர் ஹவர், அதே பக்கம் பாசிட்டிவ் வரும் பேட்டரி வாங்குங்கள். திருப்பி மாட்டினால் ஒரு நொடியில் டைனமோ டயோடு போய்விடும். தயாரித்த மாதத்தைப் பார்த்து, ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்ததை மறுத்துவிடுங்கள். வாங்கும் இடத்திலேயே 12.5-க்கு மேல் இருக்கிறதா என்று உங்கள் மீட்டரால் அளங்கள். பிடிக்கும் பட்டையை இறுக்கி மாட்டுங்கள். தோட்டத்து மண் பாதையில் குலுங்கும் பேட்டரியின் தகடு சீக்கிரம் உதிரும்.

பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். ஆசிட்டைக் கீழே கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடைக்குப் போடுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள், அந்த ஆசிட்டும் ஈயமும் கலப்பது நம் கிணற்றில்தான். மாட்டி முடித்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து 13.8-க்கு மேல் சார்ஜ் வருகிறதா என்று பார்த்து, வாரண்டி அட்டையில் தேதியும் வண்டி எண்ணும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.